டைஃபூன் லகூன்: அலைக்குளமும் சறுக்குகளும் – வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு, குறிப்பாக ஆர்லாண்டோவுக்கு, விடுமுறையில் போகிறவர்கள் அனுப்பும் கேள்விகளில் டிஸ்னியின் கடற்கரை பாணி நீர்ப்பூங்காவான டைஃபூன் லகூன் அடிக்கடி வருகிறது. சேர்ந்துபோன கேள்விகளுக்கு இம்முறை ஒரே இடத்தில் பதில்.

கேள்வி: ஆர்லாண்டோவிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் கோகோ பீச் வந்துவிடுகிறது. நிஜக் கடல் இருக்கும்போது காசு கொடுத்துப் பொய்க் கடற்கரைக்கு ஏன் போக வேண்டும்?

கடல்தான் வேண்டுமென்றால் கடலுக்கே போங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் டைஃபூன் லகூன் விற்பது கடலை அல்ல, அலையை. புயல் எதுவும் அருகில் இல்லாத கோடை நாட்களில் ஃபுளோரிடாவின் அட்லாண்டிக் கரை பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும். இந்தக் குளத்தில் ஆறடி உயரம் வரை அலை எழுகிறது, அதுவும் நேரம் தவறாமல்.

குளத்தின் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கோடி லிட்டர். பின்னால் நிற்கும் செயற்கை மலைக்குள் மறைவான அறைகள் இருக்கின்றன. அவற்றில் தண்ணீரை ஏற்றித் தேக்கி, கதவுகளைச் சட்டெனத் திறந்து மொத்தத்தையும் குளத்துக்குள் விடுகிறார்கள். அந்த நொடியில் மலையடியிலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் குளத்தில் இருக்கும் அத்தனை பேரும் கூச்சல் போடுவார்கள். என்னைக் கேட்டால், பூங்காவின் எந்தச் சறுக்கும் அந்தச் சில நொடிகளுக்கு ஈடாகாது.

இந்த யோசனை டிஸ்னிக்கு முதலில் தோன்றியதல்ல. கடலே இல்லாத அரிசோனாவின் டெம்பி நகரில் 1969-இல் 'பிக் சர்ஃப்' என்ற அலைக்குளம் வந்துவிட்டது. 1977-இல் ஜார்ஜ் மில்லே ஆர்லாண்டோவிலேயே 'வெட் அண்ட் வைல்ட்' பூங்காவைத் திறந்தார். இன்றைய நீர்ப்பூங்காக்களுக்கு முன்மாதிரி அதுதான். 2016-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அதை மூடிவிட்டார்கள். டைஃபூன் லகூன் திறந்தது 1989 ஜூன் 1 அன்று.

கேள்வி: மலை உச்சியில் ஒரு படகு தொங்குகிறதே, அது என்ன?

'மிஸ் டில்லி' என்ற இறால் படகு. சூறாவளி ஒன்று ஒரு வெப்பமண்டலக் கிராமத்தைப் புரட்டிப்போட்டு, படகைத் தூக்கி மலை முகட்டில் செருகிவிட்டது என்பது பூங்காவுக்காக எழுதப்பட்ட கதை. மலைக்கு 'மேடே' என்று பெயர். அது ஆபத்தில் சிக்கிய கப்பல்கள் உதவி கேட்டு எழுப்பும் குரல். அரை மணிக்கொரு முறை படகின் புகைபோக்கியிலிருந்து தண்ணீர் பீறிடும். கைக்கடிகாரம் இல்லாமல் நீரில் கிடப்பவர்களுக்கு அதுவே கடிகாரம்.

கேள்வி: மகளுக்கு ஏழு வயது, உயரம் 112 செ.மீ. எதில் ஏற்றுவது?

நீங்கள் நினைப்பதைவிட அதிகமானவற்றில். உயரக் கட்டுப்பாடு முக்கியமாக இரண்டுக்குத்தான்: 'ஹுமுங்கா கவபுங்கா', 'க்ரஷ் அண்ட் கஷர்'. இரண்டுக்கும் 48 அங்குலம், அதாவது 122 செ.மீ. வேண்டும். வாசலில் வைத்துக் கெஞ்சாதீர்கள். அந்தக் கோடு போட்டதற்குக் காரணம் இருக்கிறது. எடையும் நீளமும் போதாத உடல் வளைவுகளில் நிலை தடுமாறும், முடிவில் தண்ணீர் தடுத்து நிறுத்தும்போது தலை அடிபடலாம்.

முதலில் 'மிஸ் அட்வென்ச்சர் ஃபால்ஸ்' போங்கள். 2017 மார்ச்சில் வந்தது. குடும்பமே ஒரு வட்டப் படகில் உட்கார்ந்துவிட, ஓடுபட்டை ஒன்று படகை மேலே இழுத்துச் செல்லும். படியேறும் வேலை இல்லை. குழந்தை பயப்படவில்லையென்றால் அடுத்து 'கேங்பிளாங்க் ஃபால்ஸ்', பிறகு 'ஸ்டார்ம் ஸ்லைட்ஸ்'. இந்த மூன்றாவதில் மடியில் வைத்துக்கொண்டு இறங்க முடியாது, அவளே தனியாக வர வேண்டும். நீங்கள் முன்னால் இறங்கி அடியில் காத்திருங்கள். சின்னக் குழந்தைகளுக்கென்றே 'கெட்சகிட்டி க்ரீக்' என்ற பகுதி இருக்கிறது. ஏழு வயதுக்காரிக்கு அது அரை மணி நேரத்தில் அலுத்துவிடும்.

கேள்வி: ஹுமுங்கா கவபுங்காவில் இறங்கும்போது காலைக் குறுக்காகப் பின்னிக்கொள்ளச் சொல்கிறார்களாம். ஏன்?

இதைக் கேட்டவருக்கு என் பாராட்டு, பலர் கேட்பதே இல்லை. அது 65 மீட்டர் நீளமுள்ள மூடிய குழாய். ஏறக்குறைய ஐந்து மாடி உயரத்திலிருந்து முழு இருட்டில் இறங்குகிறீர்கள். சில நொடிகளில் முடிந்துவிடும், வேகம் மணிக்கு அறுபது கிலோமீட்டரை ஒட்டி வரும். அந்த வேகத்தில் வந்து முடிவிலுள்ள நீரில் மோதும்போது, கால்கள் விரிந்திருந்தால் தண்ணீர் பீச்சியடித்து உடலுக்குள் புகும். உள்ளுறுப்புகளில் காயம் ஏற்படலாம். பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கணுக்கால்களைப் பின்னி, கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து, தலையைத் தூக்காமல் மல்லாந்தே இருங்கள். பாதி வழியில் எழுந்து உட்காரலாம் என்று தோன்றும், கூடவே கூடாது.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முதுகு அல்லது கழுத்து வலி உள்ளவர்கள் இதைக் கீழே நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, நீச்சல் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கத்தான் முடியுமா?

ஏன் உட்கார வேண்டும்? 'காஸ்ட்அவே க்ரீக்' அவருக்காகவே வெட்டியது போன்றது. பூங்காவைச் சுற்றி ஏறக்குறைய 600 மீட்டர் ஓடும் ஆழமில்லாத ஓடை. டியூபில் உட்கார்ந்தால் நீரோட்டமே குகை, அருவி, மூடுபனி எல்லாம் கடந்து அழைத்துப் போகும். அவசரமில்லாமல் ஒரு சுற்று வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஏறி இறங்கப் பல துறைகள் இருப்பதால் நடுவில் களைத்தால் கரையேறலாம். லைஃப் ஜாக்கெட் கட்டணமின்றிக் கிடைக்கும், கூச்சப்படாமல் வாங்கி மாட்டிவிடுங்கள். டியூபில் ஏறும்போதுதான் பெரியவர்கள் சறுக்குகிறார்கள். அந்தச் சமயம் நீங்கள் டியூபை இறுகப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

அலைக்குளத்தின் நடுவுக்கு மட்டும் அவரை அழைத்துப் போகாதீர்கள். ஆறடி அலை ஆளைப் புரட்டி சிமெண்டுத் தரையில் தேய்த்துவிடும். முழங்கால் சிராய்ப்போடு எழுந்து வரும் இளைஞர்களே அங்கு ஏராளம்.

கேள்வி: தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டுமா? சுடிதாரோடு இறங்கலாமா?

சட்டப்படிக் கேட்கிறீர்களா, அனுபவப்படிக் கேட்கிறீர்களா என்று தெரியவில்லை. அலைக்குளத்தில் அறுந்து விழுந்த சங்கிலியை அந்தக் கூட்டத்துக்குள் தேடி எடுப்பது நடக்காத காரியம். கழற்ற மனமில்லாதவர்கள் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்வது நல்லது. கொலுசையும் விட்டுவிட்டு வாருங்கள். உடையைப் பொறுத்தவரை, ஜிப், பக்கிள், உலோகக் குமிழ் உள்ள எதையும் சறுக்குகளில் அனுமதிக்கமாட்டார்கள், குழாயைக் கீறிவிடும். துப்பட்டா எதிலாவது சிக்கிக்கொள்ளும், பருத்தி நனைந்தால் கனக்கும். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை வாங்கிவிடுங்கள். வெயிலுக்கும் அதுதான் பாதுகாப்பு.

கேள்வி: ஜூலையில் போகிறோம். மழை வந்தால்?

'வந்தால்' என்ன, வரும். ஃபுளோரிடா ஒரு தீபகற்பம். கோடைப் பகலில் இரு கரைகளிலிருந்தும் கடற்காற்று உள்ளே நகர்ந்து நடுவில் முட்டிக்கொள்கிறது. ஈரக்காற்று மேலெழுந்து பிற்பகலில் இடியும் மின்னலுமாக இறங்குகிறது. மின்னல் அருகில் வந்தால் எல்லாரையும் நீரிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள், வாதாடிப் பயனில்லை. காலையில் கதவு திறக்கும்போதே போய், மதியத்துக்குள் சறுக்குகளை முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். ஆனால் பராமரிப்புக்காக மாதக்கணக்கில் மூடும் வழக்கமும் உண்டு, டிக்கெட்டுக்கு முன் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: நீச்சல்குளம் போனாலே கண் எரிகிறது. குளோரின் அதிகமா?

பெரும்பாலும் காரணம் வேறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போது குளோரமின் என்ற சேர்மங்கள் உண்டாகின்றன. கண் எரிச்சலும் மூக்கைத் துளைக்கும் நெடியும் அவற்றால்தான். ஆகவே நீரில் இறங்குமுன் குளியுங்கள், குழந்தைகளை மணிக்கொரு முறை கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை இறக்கவே வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சரியான அளவில் குளோரின் கலந்த நீரிலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.

கேள்வி: பல வருடங்களுக்கு முன் அங்கே சுறாக்களோடு நீந்தினோம். இப்போதும் உண்டா?

இல்லை. 'ஷார்க் ரீஃப்' 2016-இல் மூடப்பட்டது. அந்தக் குளிர்ந்த உப்புநீரை நினைத்தால் எனக்கு வருத்தமில்லை, சுறாக்களை நினைத்தால் உண்டு.

கேள்வி: கட்டுச்சோறு கொண்டு போகலாமா?

தாராளமாக. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடாக்க வேண்டிய உணவும் கூடாது. புளியோதரை, தயிர் சாதம், சப்பாத்தி எல்லாம் சரிவரும். நெடி தூக்கும் உணவுக்கும் தடை உண்டு என்பதால் கருவாட்டுத் தொக்கு அறையிலேயே இருக்கட்டும்.