சகாயா, செகியா? சமையல் கத்தி வாங்க ஜப்பானில் எந்த ஊர்

கேள்வி: அலுவலக வேலையாக ஒரு வாரம் ஒசாகா போகிறேன், கடைசி இரண்டு நாள் சும்மாதான். அம்மாவுக்கு நல்ல ஜப்பான் கத்தி ஒன்று வாங்கி வர ஆசை. நண்பர் செகி போ என்கிறார், இணையத்தில் பலர் சகாய் என்கிறார்கள். வீட்டில் பெரும்பாலும் காய்கறி, ஞாயிற்றுக்கிழமை மீன். எங்கே போவது?

சகாய் போங்கள். செகி இருப்பது கிஃபு மாகாணத்தில், நகோயா பக்கம் போய் ரயில் மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் பாதி நாள் ஓடிவிடும். சகாய்க்கு ஒசாகாவின் நம்பா நிலையத்தில் நங்காய் ரயில் ஏறினால் கால் மணி நேரம்கூட ஆகாது. அவசரம் இல்லையென்றால் தென்னோஜியிலிருந்து ஹங்காய் டிராமில் ஆடி அசைந்து போங்கள், மியோகோகுஜி-மாயே நிறுத்தத்தில் இறங்கினால் பக்கத்திலேயே சகாய் தென்ஷோகான் என்ற கைவினைக் கூடம். உள்ளூர்க் கத்திகளை வரிசையாக வைத்திருப்பார்கள், பார்க்கலாம், வாங்கவும் செய்யலாம்.

ஆனால் சகாய்க்குப் பெயர் வாங்கித் தந்த கத்தி எதுவோ, அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாகத் துப்பாக்கியும் புகையிலையும் ஜப்பானுக்குள் வந்தபோது சகாய்க் கொல்லர்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்கள், துப்பாக்கி செய்தார்கள், புகையிலையை மெல்லிசாக நறுக்கும் கத்தியும் செய்தார்கள். அந்தக் கத்திக்குப் பின்னால் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஆண்ட ஷோகன் அரசு தன் முத்திரையையே குத்திக் கொடுத்தது. அந்தக் கைப்பழக்கம்தான் பின்னால் சமையல்காரர்களின் கத்தியாக மாறியது. இன்றைக்கும் அங்கே அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் வேறொருவர், கைப்பிடி போடுபவர் இன்னொருவர் என்று ஒரே கத்தி மூன்று பட்டறை ஏறி இறங்கும். அதனால் அலகில் பொறித்திருக்கும் பெயர் பெரும்பாலும் கடையின் பெயராகத்தான் இருக்கும், அடித்தவர் யார் என்று தெரிய வேண்டுமென்றால் கேளுங்கள், சொல்வார்கள்.

சகாயின் புகழ் இருப்பது ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கத்தியில், நம் தச்சர் உளி மாதிரி. பச்சை மீனைக் கண்ணாடி போல் சீவும் யனகிபா, மீன் வெட்டும் தெபா எல்லாம் இந்த ஜாதி. சமையல்காரர் கையில் அற்புதம், ஆனால் பழகாத கையில் கேரட்டை நறுக்கினால் அலகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வலது கைக்கு, இடது கைக்கு என்று தனித்தனியாக வேறு செய்வார்கள். அம்மாவுக்கு இது வேண்டாம்.

கடையில் "சாந்தோகு, ரியோபா" என்று கேளுங்கள். சாந்தோகு என்பது கறி, மீன், காய் மூன்றுக்கும் ஆகும் வீட்டுக் கத்தி, ரியோபா என்றால் இருபுறமும் தீட்டியது. 165 முதல் 180 மில்லிமீட்டர் நீளம் போதும். அப்புறம் எஃகு. ஷிரோகாமி, ஆவோகாமி என்று கடைக்காரர் ஆசையாக எடுத்துக் காட்டுவார் (வெள்ளைத் தாள், நீலத் தாள் என்று பொருள், எஃகில் ஒட்டியிருந்த தாளின் நிறத்தால் வந்த பெயர்). கூர்மைக்குக் குறையே இல்லை, ஆனால் மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கிவிட்டுக் கழுவாமல் வைத்தால் உடனே கறுத்துத் துருவும் பிடிக்கும். விஜி-10 அல்லது கின்சான் எஃகு வாங்குங்கள், இரண்டும் அவ்வளவு எளிதில் துருப்பிடிக்காது.

செகி மட்டம் என்று சொல்ல வரவில்லை. 700 ஆண்டுக்கு மேலாக வாள் அடித்த ஊர் அது, இன்று சவரக் கத்தி, கத்தரிக்கோல், நகவெட்டி, சமையல் கத்தி எல்லாம் ஆலைகளில் செய்து உலகமெங்கும் அனுப்புகிறது. அதனாலேயே அங்கே போக வேண்டியதில்லை, ஒசாகாவில் நம்பா அருகே இருக்கும் தோகுயாசுஜி பாத்திரக் கடைத்தெருவிலேயே செகிக் கத்தி கிடைக்கும்.

இரண்டாவது நாளும் கத்திக்கே என்றால் ஃபுகுய் மாகாணத்து எச்சிசென் போகலாம். தண்டர்பேர்ட் ரயிலில் சுருகா வரை, அங்கிருந்து 2024 மார்ச்சில் நீட்டித்த ஷின்கான்சென் புல்லட் ரயிலில் எச்சிசென்-தகேஃபு, நிலையத்திலிருந்து டாக்சி. தகேஃபு கத்திக் கிராமம் என்ற கூட்டுப் பட்டறையில் நெருப்பும் சுத்தியலுமாக வேலை நடப்பதை நேரில் பார்க்கலாம். விஜி-10 எஃகைச் செய்வதும் இந்த ஊர் நிறுவனம்தான். பக்கத்து ஊர் சபாயே, ஜப்பானில் தயாராகும் கண்ணாடி ஃபிரேம்களில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கேதான், பார்வைக் குறைவு இருந்தால் செலவுக்குத் தயாராகப் போங்கள்.

வாங்கிய பிறகு பெட்டியைப் பிரிக்காமல் அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியை உரிய காரணம் இல்லாமல் வைத்துக்கொண்டு திரிவது அங்கே குற்றம், ரசீது கையில் இருக்கட்டும். விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். பாஸ்போர்ட் காட்டினால் 10% நுகர்வு வரி மிச்சம், ஆனால் 2026 நவம்பர் 1 முதல் முழு விலையும் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது சுங்கத்தில் உறுதியான பிறகுதான் வரியைத் திரும்ப வாங்க முடியும்.

கத்தியோடு ஆயிரம் எண் சாணைக்கல் ஒன்றும் வாங்குங்கள், தெருவில் வரும் சாணைக்காரரிடம் இதைக் கொடுத்தால் அவர் சக்கரம் அலகையே தின்றுவிடும். தேங்காய், எலும்பு, ஃப்ரீசரில் இருந்து எடுத்த மீன் மூன்றுக்கும் பழைய அரிவாள்மனையே இருக்கட்டும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெல்லிய அலகு, ஒரே வெட்டில் விளிம்பு பெயர்ந்துவிடும்.