புது டீசல் டேங்க் 19 நாளில் ஒழுகினால் யாரைக் கேட்பது?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு குட்டி யானை வைத்து, ஏற்காட்டிலிருந்து காபி, மிளகு மூட்டைகளை இறக்கிப் பிழைக்கிறேன். பழைய டீசல் டேங்க் துருப்பிடித்துவிட்டதால், நகரத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் ‘கம்பெனி டேங்க்’ என்று சொன்னதை நம்பி 8,500 ரூபாய் ஜி-பேயில் கொடுத்து வாங்கிப் போட்டேன். பில் தரவில்லை, ‘எஸ்டிமேட்’ என்று ஒரு சீட்டுதான். 19-ஆம் நாள் மலை இறங்கும்போது வெல்டிங் ஜாயின்ட்டில் டீசல் ஒழுக ஆரம்பித்தது. மறுநாளே கடைக்குப் போனேன். மெக்கானிக் டேங்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை அதிகம் முறுக்கிவிட்டார், விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று சீட்டிலேயே இருக்கிறது, சரக்கு வண்டிக்கெல்லாம் நுகர்வோர் கோர்ட் கிடையாது என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்? பட்டறையில் சொல்லிக் கொஞ்சம் பெரிய டேங்க்காகச் செய்து மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: முதல் வேலை, ஒழுகும் டேங்க்கை யாரிடமும் வெல்டிங் வைக்கக் கொடுக்காதீர்கள். காலி டேங்க் என்றாலும் உள்ளே தங்கிய டீசல் ஆவி சூட்டில் வெடிக்கும். பட்டறைகளில் உயிர் போயிருக்கிறது. அதோடு, அந்த டேங்க்தான் உங்கள் சாட்சி. கழற்றும் முன்பு ஒழுகும் இடத்தையும் கிளாம்ப் இருந்த நிலையையும் போட்டோ, வீடியோ எடுத்துவிட்டு, டேங்க்கை அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

ஒழுகலோடு வண்டியை ஓட்டவும் வேண்டாம். குறை இருப்பது தெரிந்தே ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(1)-இன்படி 1,500 ரூபாய் அபராதம். அதனால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஆனால் மூன்று மாதம் வரை சிறைக்கும் போகலாம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றில் டீசல் சொட்டினால் பின்னால் பைக்கில் வருபவர் என்ன ஆவார் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, கடைக்காரர் சொன்னதில் பலரும் பயந்து பின்வாங்குவது ‘சரக்கு வண்டி’ என்ற பேச்சுக்குத்தான். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் அது வணிக நோக்கம் ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களில் லாரியும் ஒன்று: தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோர்; வாங்கி முழுக்க வேறொருவரை வைத்து ஓட்டினால் நுகர்வோர் அல்ல. உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொள்வதால் உரிமை போகாது. எனவே ‘நானே ஓட்டுகிறேன், இதுதான் என் குடும்பத்தின் பிழைப்பு’ என்பதைப் புகார் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் தோற்ற வழக்குகள் உண்டு.

பில் இல்லை என்று நீங்கள் வருந்த வேண்டாம், அது கடைக்காரருக்குத்தான் பாதகம். பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது அந்தச் சட்டத்தின் 2(47) பிரிவு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது; பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. ‘திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. எஸ்டிமேட் சீட்டு, ஜி-பே பதிவு, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் வைத்திருங்கள், போனை மாற்றிவிடாதீர்கள்.

மெக்கானிக் மீது பழி போடுவதுதான் அவர்களின் வலுவான வாதமாக இருக்கும். எப்படி மாட்டினார், ஒழுகல் எங்கே என்று மெக்கானிக்கிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். தேவைப்பட்டால் டேங்க்கை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி, புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தைக் கேளுங்கள். சோதனைக் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். டேங்க் விலை, மாட்டும் கூலி, வண்டி நின்ற நாட்களின் வாடகை இழப்பு மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். புகார் கொடுக்கக் கெடு இரண்டு ஆண்டு.

பெரிய டேங்க் வேண்டவே வேண்டாம். தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019-இல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. மீறினால் அதே சட்டத்தின் 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. நாளைக்கு ஒரு தீ விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் அந்த டேங்க்கைத்தான். பழைய இரும்புக் கடை டேங்க்கும் வேண்டாம், உள்ளே எவ்வளவு துரு என்று வெளியிலிருந்து தெரியாது.

அதே அளவு, அதே வகை டேங்க்கைச் சேஸிஸ் நம்பர் காட்டி வாங்குங்கள். பார்ட் நம்பரும் ஜி.எஸ்.டி. எண்ணும் பில்லில் இருக்கட்டும். கிளாம்ப்புக்கு அடியில் வரும் ரப்பரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஏற்காட்டில் இரவு தங்கினால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். பாதி காலியாக இருந்தால் மலைக்குளிரில் உள்ளே நீர் கோத்து, புது டேங்க்கும் துருப்பிடிக்கும்.