கறுப்பாக இருந்தால் ‘ஸ்ட்ராங்’ என்று யார் சொன்னது?

கேள்வி: டிசம்பரில் நண்பர்களோடு பெங்களூரில் ஒரு மைக்ரோ புரூவரிக்குப் போனேன். அங்கேயே காய்ச்சிய ‘குளிர்கால ஸ்டவுட்’ என்ற பீர் வாங்கினேன். தார் மாதிரி கறுப்பு, கரிந்த கசப்பு. நல்ல கூலிங்காகக் கேட்டு வாங்கியும் பாதிக்கு மேல் இறங்கவில்லை. அவ்வளவு கறுப்பாக இருந்தும் போதை ஏறவில்லை. ஏமாற்றுகிறார்களா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உங்களை ஏமாற்றியது நீங்களே கேட்டு வாங்கிய கூலிங்.

உருகிப்போன ஐஸ்கிரீமை ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள், திகட்டும். அதுவே கட்டியாக இருந்தபோது இனிப்பு அளவாகத்தான் தெரிந்திருக்கும். சில்லிப்பில் நாக்குக்கு இனிப்பு சரியாக எட்டாது, வாசனையும் மேலே எழாது. ஸ்டவுட்டில் உள்ள மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின், இனிப்பு அமுங்கி, உங்களுக்குக் கசப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. வழக்கமான மஞ்சள் பீரான லாகரை 4 டிகிரியில் தாராளமாகக் குடிக்கலாம். ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 டிகிரி வேண்டும். நான் கிளாஸை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருப்பேன். முதல் வாயில் கரிதான். கொஞ்சம் பொறுத்தால் டிகாக்‌ஷன் வாசனை வரும். கிளாஸ் காலியாகும் நேரத்தில், வெல்லப்பாகு லேசாக முறுகும்போது அடுப்படியில் வருமே, அந்த வாசனை. பாதியில் வைத்துவிட்டு வந்தீர்களே, அங்கேதான் விஷயமே இருந்தது.

அப்புறம், கறுப்புக்கும் போதைக்கும் சம்பந்தம் இல்லை. 1817-ல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல உருளையில் போட்டு மால்ட்டைக் கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அப்படி வறுத்த மால்ட்டோ பார்லியோ நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்ந்தாலே மொத்த பீரும் கறுத்துவிடும். போதைக்கான சர்க்கரை வருவது வறுக்காத வெளிர் மால்ட்டிலிருந்து. டப்ளினின் கின்னஸ் டிராஃப்ட் என்ற ஸ்டவுட் கன்னங்கரேல் என்று இருக்கும், ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம்தான். நம் கடைகளில் ‘ஸ்ட்ராங்’ என்று விற்கிற மஞ்சள் பீர் 8 சதவீதம் வரை போகிறது. போதைதான் கணக்கு என்றால் உங்களுக்கு அதுவே போதும், பெங்களூர் போயிருக்க வேண்டாம்.

குளிர்கால ஸ்டவுட் என்பது மால்ட்டைக் கூடுதலாகப் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுவது. வெளிநாடுகளில் 10 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. இந்தியாவில் பீருக்கு வரம்பு 8. ஆகவே ஆல்கஹாலின் வீரியத்தை நம்பாமல், ஓட்ஸ் மாதிரி எதையாவது சேர்த்து வாயில் வழுவழுப்பைக் கொண்டுவர வேண்டும். அது கைப்பக்குவம். சிக்மகளூர் காப்பி சேர்த்தால்கூட எனக்குப் பிடிக்கும். வெனிலா, பட்டை, சாக்லேட் என்று எல்லாவற்றையும் கொட்டிக் கேக் வாசனை வரவழைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அடியில் உள்ள பீர் சுமார் என்பதை மறைக்கிற வேலை அது.

சரி, சில்லிப்பு விட்ட பிறகு குடித்தும் சாம்பலை நக்கியது மாதிரியே இருந்தால்? அப்போது தவறு காய்ச்சியவருடையது. கிளாஸைத் திருப்பிக் கொடுத்து, காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த முறை முழு கிளாஸ் வாங்குவதற்கு முன்னால் ருசி பார்க்கச் சின்ன கிளாஸில் கேளுங்கள். பல இடங்களில் கொடுக்கிறார்கள்.