பதில்: +1-க்கு மட்டும் அரசுப் பள்ளிக்கு மாற்றினால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% மருத்துவ இட ஒதுக்கீடு கிடைக்குமா?

கிடைக்காதுங்க. காரைக்குடியில் அரசு உதவி பெறும் பள்ளியில் 10 வரை படித்த மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவ ஒதுக்கீட்டுக்கான 2020 சட்டப்படி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) இலவச சீட்டில் 8 வரை தனியாரில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

செட்டிநாட்டுப் பக்கம் உதவி பெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைக்கும் குழப்பம் சகஜம். நகரத்தார் தொடங்கிய பள்ளிகள் பலவும் உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, புத்தகமும் இலவசம், ஆனால் நிர்வாகம் தனியார். பெயர்ப் பலகையை நம்பாமல், தலைமை ஆசிரியரிடம் நிர்வாக வகையைக் கேளுங்கள். நகராட்சிப் பள்ளி என்றால் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும்.

அவசரப்பட்டு டிசி வாங்காதீர்கள். மகள் தமிழ் வழி என்றால் அதை விடவே வேண்டாம்: 6 முதல் 12 வரை உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. நடுவில் ஆங்கில வழிக்குப் போனால் அங்கேதான் சிக்கும்.

குரூப்பில் உயிரியல்-கணிதம் கேளுங்கள். நீட், பொறியியல் இரண்டுக்கும் ஆகும். கணிதம்-கணினி அறிவியல் குரூப்பில் உயிரியல் வராது.