அரையடியில் இரண்டு ஆன்டெனாவா?

கேள்வி: பெங்களூரு 101.3 எஃப்எம் கேட்க மொட்டை மாடியில் மூன்று குச்சி யாகி ஆன்டெனா வைத்திருந்தேன். சுமாராகக் கேட்டது. அதே குழாயில் அரையடி மேலே இன்னொன்று மாட்டி, ஸ்பிளிட்டரை (ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் டப்பா) திருப்பிப் போட்டு இரண்டையும் ஒன்றாக இணைத்தேன். முன்பைவிட மோசம்! ஒரு கேபிள் 4 மீட்டர்; மற்றது வீட்டில் கிடந்த துண்டு, 5 மீட்டர் சொச்சம். இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே அரை அலைநீளம் விடணும் என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மாந்தோப்பு ஊர்க்காரர் நீங்கள். அரையடிக்கு ஒரு கன்று நடுவீர்களா? ஒவ்வொரு ஆன்டெனாவும் தன்னைச் சுற்றியுள்ள கொஞ்சம் இடத்திலிருந்து அலையை இழுக்கிறது. நெருக்கி வைத்தால் இரண்டுக்கும் ஒரே தீனிதான். போதாததற்கு ஒன்றின் குச்சிகள் மற்றதன் டியூனிங்கையும் கெடுக்கும்.

300-ஐ 101.3-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.96 மீட்டர். நண்பர் சொல்லும் பாதி, ஒன்றரை மீட்டர். வெறும் டைபோல்களை (ஒற்றைக் குச்சி ஆன்டெனா) வரிசையாக நிறுத்தும்போது அந்தக் கணக்கு நல்ல கணக்குதான். யாகி அப்படியில்லை, ஒரு பக்கமாகக் கூர்ந்து பார்க்கிற சாதி. கூர்மை கூடக் கூட இடைவெளியும் கூடணும். உங்கள் மூன்று குச்சிக்கு, குச்சிகள் கிடையாக இருக்கிறபட்சத்தில், மேலும் கீழுமாக ஏழு அடி விடுங்கள். பத்தடிக்கு மேல் போகாதீர்கள். மேலேயும் கீழேயும் வேண்டாத காதுகள் முளைத்து, தெருவில் போகிற வண்டி இரைச்சலையும் சேர்த்துக் கொண்டுவரும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்தத் துண்டுக் கேபிள்தான். கேபிளுக்குள் அலை மெதுவாகப் போகும். டிவிக்குப் போடும் ஆர்ஜி-6-ல் அரை அலை என்பது சுமார் 1.2 மீட்டர். ஒரு கேபிள் மற்றதைவிட அவ்வளவு நீண்டுவிட்டால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஸ்பிளிட்டரில் சந்தித்து இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரே சுருளிலிருந்து சம அளவில் இரண்டு வெட்டுங்கள்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் கடை வைத்திருந்தபோது எனக்கே இது நடந்தது. பர்கூரில் ஒரு வீடு. இடைவெளி சரி, கேபிளும் சரி, சத்தம் மட்டும் இல்லை. வெயிலில் ரெண்டு மணி நேரம் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், மேல் ஆன்டெனாவின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றி முறுக்கியிருந்தேன். அதுவும் கேபிள் அரை அலை நீண்ட மாதிரிதான், ஒன்று ஏற மற்றது இறங்கும். அந்த வீட்டு அம்மா மோர் கொடுத்துவிட்டு, “ஒன்னே போதும்னு அப்பவே சொன்னேனே, தம்பி” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. எல்லாம் கச்சிதமாக அமைந்தாலும் இரண்டாவது யாகி தருவது அதிகபட்சம் 3 டெசிபெல், அதாவது சிக்னலின் சக்தி இரண்டு மடங்கு. எதிரே மலை மறைத்தால் அந்தப் பணத்துக்கு முதலில் குழாயை உயர்த்துங்கள்.