சிங்கப்பூரில் உரிமம் பெற்ற தளத்தில் கிரிப்டோ வாங்கினால் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா?

கேள்வி: நான் சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்பவர்கள் பிட்காயின் வாங்குகிறார்கள். "எம்ஏஎஸ் உரிமம் உள்ள ஆப், பயப்படாதே" என்கிறார்கள். அரசே அனுமதித்த பிறகும் சிலர் இதைச் சூது என்கிறார்களே, ஏன்? இதற்கு உண்மையில் மதிப்பு இருக்கிறதா, இல்லையா?

பதில்:

பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்றில், விதிப்படி நடக்கிறோமா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவில் இருக்கிறேன். கிரிப்டோ எங்கள் தொழில் இல்லை. ஆனால் எங்களையும் கிரிப்டோ தளங்களையும் கட்டுப்படுத்துவது ஒரே சட்டம்தான். அதனால் உரிமம் பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். விலை பற்றிச் சொல்வதைக் கோப்பிக்கடைப் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டத்தின் பெயர் கட்டணச் சேவைகள் சட்டம். 2019-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2020 ஜனவரி 28-ல் நடப்புக்கு வந்தது. சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, அதற்குப் பக்கத்தில் ரிங்கிட் மாற்றித் தரும் கடை, கைப்பேசியில் இருக்கும் மின்பணப்பை, கிரிப்டோ வாங்கி விற்கும் தளம் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. உரிமம் தருவதற்கு முன் சிங்கப்பூர் நாணய ஆணையம், அதாவது நீங்கள் சொன்ன எம்ஏஎஸ், கேட்பதெல்லாம் இந்த வகைக் கேள்விகள்: வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கிறீர்களா? பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கிறீர்களா? கள்ளப் பணமோ பயங்கரவாதப் பணமோ உங்கள் வழியாகப் போனால் பிடிக்க ஆள் வைத்திருக்கிறீர்களா? கையில் போதிய மூலதனம் இருக்கிறதா? உங்கள் கணினி அமைப்பை யாராவது உடைத்தால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விகளுக்குக் காகிதம் தயார் செய்வதுதான் எனக்குச் சம்பளம், அதனால் பட்டியல் தூக்கத்திலும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் வரிசையில் நின்று திருச்சிக்குப் பணம் அனுப்புகிறீர்கள். கடைக்கு உரிமம் இருக்கிறது. அடுத்த வாரம் ரூபாய் ஏறுமா இறங்குமா என்று அந்த உரிமம் ஏதாவது வாக்குக் கொடுக்கிறதா? இல்லை. கிரிப்டோ தளத்தின் உரிமமும் அப்படித்தான். தளம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதோடு ஆணையத்தின் பொறுப்பு முடிகிறது. நீங்கள் வாங்கிய காசு நாளை பாதி விலைக்குப் போனால் அது உங்கள் பாடு.

2024-லிருந்து ஒரு விஷயம் மேம்பட்டிருக்கிறது. வாடிக்கையாளரின் கிரிப்டோவை நிறுவனத்தின் சொந்தச் சொத்தோடு கலக்காமல், அறக்கட்டளை முறையில், அதாவது உங்களுக்காகப் பொறுப்பேற்றுக் காக்கும் சொத்தாக, தனியாக வைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நிறுவனம் முழுகினால் உங்கள் பங்கை மீட்க இது உதவும். "உதவும்" என்றுதான் சொல்கிறேன், "கிடைத்துவிடும்" என்று சொல்லவில்லை. வங்கி வைப்புத்தொகைக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை காப்புறுதி உண்டு. கிரிப்டோவுக்கு அந்தக் காப்புறுதி ஒரு காசுக்கும் கிடையாது.

அரசே அனுமதித்தது என்றீர்கள் அல்லவா, அரசின் மனப்பான்மையைப் புரிந்துகொள்ள 2022 ஆகஸ்டில் அப்போதைய ஆணையத் தலைமை நிர்வாகி ரவி மேனன் ஆற்றிய உரை ஒன்றே போதும். மின்னிலக்கச் சொத்துத் துறையில் புத்தாக்கம் வேண்டும், கிரிப்டோவில் ஊகவணிகம் வேண்டாம், இந்த இரண்டும் முரணல்ல என்றார். நடைமுறையிலும் அதையே பார்க்கலாம். 2022 ஜனவரியில் பொதுமக்களை நோக்கி விளம்பரம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை பொது இடங்களில் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த விளம்பரங்கள் போயின, கடைத்தொகுதிகளில் இருந்த பிட்காயின் இயந்திரங்களும் மூடப்பட்டன. 2023 நவம்பரில் இன்னும் இறுக்கினார்கள். சாதாரண வாடிக்கையாளருக்குச் சேர்க்கைப் போனஸ் தரக்கூடாது, உள்ளூர்க் கடன் அட்டையில் வாங்க விடக்கூடாது, கடன் கொடுத்து வர்த்தகம் செய்ய வைக்கக் கூடாது, ஆபத்து தெரியுமா என்று ஒரு சோதனை வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன சோதனையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் விடை கேட்டு அழுத்துவதை யார் தடுப்பது? ஆனால் கடன் அட்டைத் தடை நல்லது. மாதச் சம்பளக்காரர்கள் உண்மையிலேயே முழுகுவது அந்த வழியாகத்தான்.

இன்னொரு பக்கம் வரி. 2020 ஜனவரி 1 முதல் பிட்காயின் போன்றவற்றை வாங்குவதற்குப் பொருள் சேவை வரி இல்லை. சிராங்கூன் சாலையில் தங்கைக்கு 22 காரட் சங்கிலி வாங்கினால் 9 விழுக்காடு வரி, கிரிப்டோ வாங்கினால் ஒன்றுமில்லை. என் மாமா இதை வைத்துக்கொண்டே ஒரு தீபாவளி முழுவதும் வாதாடினார்: "வரியே கிடையாதுன்னா கவர்மெண்டு ஆதரிக்குதுன்னுதானே அர்த்தம்?" இல்லை மாமா. ரிங்கிட் மாற்றும்போதும் நீங்கள் மாற்றும் தொகைக்குப் பொருள் சேவை வரி கட்டுவதில்லை. பணம் போலப் பயன்படும் ஒன்றை வாங்கும்போதும் வரி, அதைக் கொடுத்துப் பொருள் வாங்கும்போதும் வரி என்று இரண்டு தடவை விழக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மாமா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது சிங்கப்பூர்க்காரர்கள் மனத்தில் கிரிப்டோவின் பெயர் கெட்ட கதைக்கு வருகிறேன். எல்லாம் 2022-ல் நடந்தது. டெரா, லூனா என்ற இரண்டு காசுகளை நடத்திய டெராஃபார்ம் லேப்ஸ் சிங்கப்பூரில் பதிவான நிறுவனம். ஒரு அமெரிக்க டாலருக்குச் சமமாகவே நிற்கும் என்று சொல்லப்பட்ட டெரா மே மாதத்தில் அந்த இடத்திலிருந்து நழுவியது. அதைத் தாங்க வேண்டிய லூனாவை மேலும் மேலும் அச்சடித்தார்கள். மாதத் தொடக்கத்தில் 80 டாலர் அளவில் இருந்த லூனா சில நாட்களில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. அந்தச் சமநிலைக்குப் பின்னால் போதிய டாலர் இருப்பு இல்லை, ஒரு கணக்குச் சூத்திரம்தான் இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேறும்போது சூத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்து விழுந்தது இங்கிருந்து இயங்கிய திரீ ஏரோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம். அதன் நிறுவனர்களில் ஒருவர் 2023 செப்டம்பரில் சாங்கி விமான நிலையத்தில் கைதானார்.

அப்புறம் நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற வெளிநாட்டுக் கிரிப்டோ தளம். அதில் நம் அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக் 275 மில்லியன் அமெரிக்க டாலர் போட்டிருந்தது, மொத்தத்தையும் கணக்கிலிருந்து எழுதித் தள்ள வேண்டியதாயிற்று. தெமாசெக்கின் மொத்த முதலீட்டில் அது 0.1 விழுக்காடுகூட இல்லை. ஆனால் "தெமாசெக்கே போட்டிருக்கு, நமக்கென்ன" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு விழுக்காடெல்லாம் கண்ணில் படுமா? அப்போது துணைப் பிரதமராக இருந்த லாரன்ஸ் வோங் நாடாளுமன்றத்தில், பண இழப்போடு பெயருக்கும் பாதிப்பு வந்துவிட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இந்த மூன்றிலும் மக்கள் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. மூன்றில் எதுவும் இந்தச் சட்டத்தின்கீழ் கிரிப்டோ சேவை உரிமம் வாங்கிய தளம் இல்லை. திரீ ஏரோஸ் நிதி மேலாண்மை நிறுவனமாகப் பதிவு செய்திருந்தது, எஃப்டிஎக்ஸுக்கு இங்கே உரிமமே கிடையாது. சிங்கப்பூர் முகவரி வேறு, சிங்கப்பூர் உரிமம் வேறு. நிறுவனத்தைப் பதிவு செய்வது இங்கே மிகச் சுலபம். உரிமம் வாங்குவது அப்படியில்லை. 2021 முடிவதற்குள் விண்ணப்பித்த 170 நிறுவனங்களில் 100-க்கும் மேல் விலகிக்கொண்டன அல்லது திருப்பி அனுப்பப்பட்டன. முகவரியை மட்டும் காட்டிப் பிழைப்பவர்களை ஆணையமும் ரொம்ப நாள் சும்மா விடவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் சேவை செய்யும் கிரிப்டோ நிறுவனங்களும் உரிமம் வாங்க வேண்டும், இல்லையேல் நிறுத்த வேண்டும் என்று 2025 ஜூன் 30 முதல் விதி வந்தது. அந்த உரிமமும் அபூர்வமாகத்தான் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

சரி, மதிப்பு. சட்டம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லிவிட்டது. 2023-ல் உயர் நீதிமன்ற நீதிபதி பிலிப் ஜெயரத்தினம் ஒரு வழக்கில், யுஎஸ்டிடி என்ற மின்னிலக்கக் காசு சொத்துதான், அறக்கட்டளையில் வைக்கக்கூடிய சொத்து என்று தீர்ப்பளித்தார். கையில் பிடிக்க முடியாத ஒன்று எப்படிச் சொத்தாகும் என்ற கேள்விக்கு, ஓடும் தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தாலும் ஆற்றுக்கு நாம் ஒரு பெயர் வைத்து அடையாளம் காண்கிறோம் அல்லவா என்று அவர் விளக்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆக, உங்கள் கிரிப்டோவை ஒருவர் அபகரித்தால் நீதிமன்றம் போகலாம். வெறும் காற்று என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனால் சொத்து என்பதும் இன்ன விலை பெறும் என்பதும் வெவ்வேறு. வீட்டுக்கு வாடகை வருகிறது, பங்குக்கு லாப ஈவு வருகிறது. அதை வைத்து இது இவ்வளவு பெறும் என்று நல்லதோ கெட்டதோ ஒரு கணக்குப் போடலாம். பிட்காயினில் அப்படி வருமானம் எதுவும் இல்லை. 21 மில்லியனுக்கு மேல் வராது என்ற வரம்பு இருக்கிறது, அவ்வளவுதான். குறைவாகக் கிடைப்பது மட்டுமே விலையாகிவிடாது, வாங்க ஆள் வேண்டும். 2021 நவம்பரில் 69,000 அமெரிக்க டாலர் வரை போனது, ஒரே ஆண்டில் 16,000-க்கும் கீழே இறங்கியது, 2024 டிசம்பரில் 100,000-ஐத் தாண்டியது. இந்த மூன்று நாட்களிலும் பிட்காயின் இயங்கும் விதம் ஒன்றேதான். மாறியதெல்லாம் வாங்குபவர்களின் மனநிலையும் உலகத்து வட்டி விகிதங்களும், 2024 ஜனவரியில் அமெரிக்கா பிட்காயின் நிதிகளைப் பங்குச் சந்தையில் அனுமதித்தது போன்ற செய்திகளும்தான். எனவே மதிப்பே இல்லை என்பவர்களோடு நான் உடன்படவில்லை. இதுதான் சரியான விலை என்று சொல்பவர்களோடு அதைவிடக் குறைவாகவே உடன்படுகிறேன்.

டாலருக்கோ வெள்ளிக்கோ சமமாக நிற்பதாகச் சொல்லும் நிலைக்காசுகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்க முடியும்: பின்னால் இருப்பு உண்டா, கேட்டவுடன் திருப்பித் தருவார்களா? ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட நிலைக்காசுத் திட்டத்தில், கேட்டால் ஐந்து வேலை நாட்களுக்குள் முழு மதிப்பைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. டெராவில் இல்லாமல் போனது இதுதான். நம் வெள்ளியும் புருணை வெள்ளியும் 1967-லிருந்து ஒன்றுக்கு ஒன்று மாறுகின்றன. அதை இரண்டு அரசுகள் கூடிப் பேசி நிறுத்தி வைத்திருக்கின்றன, சும்மா நிற்கவில்லை.

சூது என்று சொல்பவர்கள் விஷயம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாரம் தவறாமல் 4டி லாட்டரி எடுத்துக்கொண்டே கிரிப்டோவைச் சூது என்பார்கள், அதை விடுங்கள். அவர்கள் பயத்துக்கு வேறு நியாயம் இருக்கிறது. 2024-ல் சிங்கப்பூரில் மோசடிகளில் போன பணம் 1.1 பில்லியன் வெள்ளி. அதில் ஏறக்குறைய கால்பங்கு கிரிப்டோ வழியாகப் போனது. அனுப்பியதைத் திரும்ப இழுக்க முடியாது என்பதால் மோசடிக்காரர்களுக்கு அது வசதி. எங்கள் தொழிலில் தவறான கணக்குக்குப் பணம் போய்விட்டால், சீக்கிரம் தெரிந்தால், அந்தப் பக்கத்து வங்கியைக் கூப்பிட்டு நிறுத்தப் பார்க்கலாம். கிரிப்டோவில் அந்தப் பக்கம் கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள்.

தமிழிலேயே வாட்ஸாப், டெலிகிராம் குழுக்கள் நடக்கின்றன, "எம்ஏஎஸ் அங்கீகாரம்" என்று ஒரு சான்றிதழ்ப் படமும் போடுகிறார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள். உரிமம் பெற்ற தளம் உங்களுக்குச் சேர்க்கைப் போனஸ் தர விதியிலேயே இடமில்லை. யாராவது நண்பரைச் சேர்த்தால் இத்தனை, முதல் முறை பணம் போட்டால் இத்தனை என்று சொன்னால், ஒன்று உரிமம் இல்லை, அல்லது இருக்கிற உரிமத்தின் விதியை மீறுகிறார்கள். சந்தேகம் இருந்தால் ஆணையத்தின் இணையத்தளத்தில் நிதி நிறுவனங்களின் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் என்று இன்னொன்று இருக்கிறது, அதில் பெயர் இருந்தால் ஓடிவிடுங்கள். ஆனால் அதில் இல்லை என்பதற்காக நல்ல நிறுவனம் என்று அர்த்தமில்லை. எஃப்டிஎக்ஸ் விழுந்த நாள் வரை அந்தப் பட்டியலில் இல்லை. மோசடியா என்று கேட்க 1799-ஐ அழைக்கலாம்.

ஊரில் இருக்கும் தளத்திலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். வசீர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ தளத்திலிருந்து 2024 ஜூலையில் 230 மில்லியன் அமெரிக்க டாலர் அளவுக்குத் திருடு போனது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இந்தியாவில். ஆனால் அதன் தாய் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது என்பதால், பணம் எப்படித் திரும்பும் என்ற வழக்கு இங்கே உயர் நீதிமன்றத்தில் ஓராண்டுக்கு மேல் நடந்தது. வரியும் பாருங்கள். இந்தியாவில் 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி. ஒன்றில் நட்டம் வந்தால் இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. இங்கே மூலதன லாப வரி இல்லை, ஆனால் தொழிலாகவே வாங்கி விற்பதாகத் தெரிந்தால் வருமான வரி வரும். பாஸ் முடிந்து ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், எப்போது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற பதிவுகளை இப்போதே தனியாகச் சேமித்து வையுங்கள். ஊருக்குப் போன பிறகு விற்றால், வருமான வரித்துறை முதலில் கேட்பது அதைத்தான்.