சர்டுயின் புரதங்கள் முதுமையைத் தள்ளிப்போடுமா? அதற்கென்று விற்கும் மாத்திரையை வாங்கலாமா?

இப்படிக் கேட்கிறவர் பெரும்பாலும் மாத்திரையின் விலையை விசாரித்துவிட்டுத்தான் கேட்கிறார். உங்களுக்கு ஐம்பது கடந்திருக்கும், மாடி ஏறினால் முழங்கால் வலிக்கும், பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சித்தப்பாவின் நிலைமையும் இதுதான். அவருக்கு நான் சொன்ன பதில் இன்னும் என்னை உறுத்துகிறது.

2006இல் நான் ஆராய்ச்சி மாணவன். வேலை ஈஸ்ட்டோடு, ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட். தாய்ச்செல் மொட்டுவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரிழை போன்ற கண்ணாடி ஊசியால் அந்த மொட்டை, அதாவது மகள்செல்லைப் பிரித்து ஒதுக்கிவிட்டு, நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். தாய் எத்தனை பெற்றாள் என்பதுதான் அவளுடைய ஆயுள். சாதாரண ஈஸ்ட் இருபது, இருபத்தைந்து பெறும். ஈஸ்ட்டின் சர்டுயினை உருவாக்கும் எஸ்.ஐ.ஆர்.2 மரபணுவை நீக்கிய வகையோ அதில் பாதியிலேயே ஓய்ந்துவிடும். அந்த மரபணுவைக் கூடுதலாக ஒன்று சேர்த்தால் ஆயுள் சுமார் 30 சதவீதம் நீள்கிறது என்று 1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் லெனார்ட் குவாரன்டேயின் ஆய்வகம் காட்டியது. ஆகவே எல்லாம் கட்டுக்கதை என்று நான் எழுதப்போவதில்லை.

சர்டுயின் ஒரு நொதி (என்சைம்). பிற புரதங்களில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்ற சிறு வேதித் துணுக்குகளைக் கழற்றும். ஒவ்வொன்றைக் கழற்றவும் ஒரு என்.ஏ.டி. மூலக்கூறு செலவாகும். உணவைச் சக்தியாக்கவும் அதே என்.ஏ.டி. வேண்டும் என்பதால், செல்லின் சக்தி வரவு செலவு சர்டுயினுக்குத் தெரிந்துவிடுகிறது. பட்டினி கிடந்தால் கல்லீரலில் சர்ட்1 என்ற சர்டுயின் வேகம்பெற்று, சர்க்கரையைப் புதிதாகச் செய்யும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. நம் உடலில் ஏழு வகைச் சர்டுயின் உண்டு. அவற்றில் மூன்று, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில்.

(நான் முனைவர் பட்டம் முடிக்காதவன் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: ஆமாம், முடிக்கவில்லை. உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. விடுதிச் சாப்பாட்டுக் கடனை நண்பன் அடைத்தான். நான் வங்கித் தேர்வு எழுதப் போய்விட்டேன். அந்த உதவித்தொகையின் கடைசித் தவணை இன்றுவரை வரவில்லை.)

அதே 2006 நவம்பரில், கொழுப்புத் தீனி தின்ற எலிகள் ரெஸ்வெரட்ரால் கொடுத்ததும் கூடுதல் நாள் பிழைத்தன என்று ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. திராட்சைத் தோலில் இருக்கும் பொருள் அது; சர்ட்1ஐத் தூண்டும் என்றார்கள். அடுத்த தை மாதக் கல்யாணம் ஒன்றில், பந்தியில் பாயசம் வரும் நேரத்தில், பக்கத்து இலையிலிருந்த சித்தப்பாவிடம் இதை அளந்தேன். ஆராய்ச்சிக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அமெரிக்காவிலிருந்த மகனிடம் சொல்லி ரெஸ்வெரட்ரால் மாத்திரையை வரவழைத்து, ஆறு வருடம் விழுங்கினார்.

அதற்குள் காற்று மாறிவிட்டது. சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்கு அந்தப் பொருளால் ஆயுள் கூடவில்லை. புழுவிலும் பழ ஈயிலும் சர்டுயினால் ஆயுள் நீண்டதாகச் சொன்ன முடிவுகள், ஒப்பிடும் உயிர்களின் மற்ற மரபணுக்களையும் ஒன்றுபோல் ஆக்கிப் பார்த்ததும் நிற்கவில்லை என்று 2011இல் வந்தது. ரெஸ்வெரட்ராலை நம்பித் தொடங்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008இல் 72 கோடி டாலருக்கு வாங்கிய கிளாக்ஸோ மருந்து நிறுவனம், 2013இல் அதை மூடியது. இவ்வளவையும் படித்தேன். சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சர்ட்6 என்ற இன்னொரு சர்டுயின் ஆண் எலிகளின் ஆயுளைக் கூட்டியதே, 2012இல் வந்ததே என்று யாராவது கேட்பார்கள். தெரியும். அது மரபணுவை மாற்றிய எலி, மாத்திரை தின்ற எலி அல்ல. உடலில் என்.ஏ.டி.யாக மாறும் என்று இப்போது விற்கும் என்.எம்.என். மாத்திரை இரத்தத்தில் என்.ஏ.டி.யைக் கூட்டுகிறது என்பது உண்மைதான். அதனால் ஒரு மனிதர் கூடுதலாக ஒரு வருடம் வாழ்ந்தார் என்று யாரும் காட்டியதில்லை. என் பணமாக இருந்தால் கொடுக்கமாட்டேன்.

சித்தப்பாவுக்கு இப்போது 81. தினமும் வாய்க்கால் கரைவரை நடந்துவிட்டு வருகிறார். “நீ அன்றைக்குச் சொன்ன மாத்திரைதானடா காரணம்” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். ஒரே ஆளை வைத்து முடிவு எழுத முடியாது என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.